நீல வயரின் வேலை: நுவரெலியா வீடொன்றில் 24 வோல்ட் தெர்மோஸ்டாட் பொருத்திய நிகழ்வு ஆய்வு

நுவரெலியாவிலிருந்து பதுளை வீதி வழியாகக் கிரகரி வாவியைத் தாண்டியதும் இடப்பக்கம் மேடேறும் கிளைப்பாதையொன்றில், வெள்ளையர் காலத்தில் கருங்கல்லால் கட்டப்பட்ட பங்களாவொன்று உள்ளது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவருடைய மனைவியும் அங்கே வசிக்கின்றனர். சில காலம் விருந்தினர் விடுதியாக இருந்த வீடு என்பதால், இந்நாட்டு வீடுகளில் அரிதாகவே காணக்கூடிய ஒன்று அங்கே இருக்கிறது. குசினிக்குப் பின்னாலுள்ள சாய்ப்பில் 24 கிலோவாட் எரிவாயு பாய்லர் ஒன்றும், அதிலிருந்து செப்புக் குழாய்கள் வழியே சுடுநீர் பெறும் ஆறு ரேடியேட்டர்களும் உள்ளன. வெளியே கம்பிக்கூட்டுக்குள் 37.5 கிலோ சிலிண்டர்கள் இரண்டு நிற்கின்றன. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நகரம் இது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்து கருகுவதைப் பார்த்தவர்களுக்கு, இந்த ஏற்பாடு ஆடம்பரம் என்று தோன்றாது.

வீட்டின் சூடாக்கும் சுற்று இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒன்று முன் ஹாலும் படுக்கையறைகளும், மற்றையது சாப்பாட்டறையும் அதை ஒட்டிய அறையும். ஒவ்வொரு பகுதிக்கும் மோட்டாரால் திறக்கும் வால்வு ஒன்றும், சுவரில் திருகுபிடியுள்ள பழைய தெர்மோஸ்டாட் ஒன்றும் இருந்தன. அறையின் வெப்பநிலையைப் பார்த்துச் சூட்டைக் கேட்பதும் நிறுத்துவதும் தெர்மோஸ்டாட்டின் வேலை. முன் ஹாலில் இருந்த பழைய கருவி பழுதாகிவிட, டொரோன்டோவில் வசிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது, கையடக்கத் தொலைபேசியிலிருந்தே இயக்கக்கூடிய ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் ஒன்றைக் கொண்டுவந்தார். அதைப் பொருத்த உள்ளூர் வயரிங் பாஸ் (மின்வேலைக்காரர்) ஒருவர் அழைக்கப்பட்டார். பிரேக்கரை மேலே தட்டிய கணமே கருவியிலிருந்து சத்தமும் புகையும் வந்து, பிரேக்கர் மறுபடி விழுந்தது. மகள் திரும்பிப் போய் அதே மாதிரியில் இரண்டாவது கருவியை அனுப்பினார். அந்தக் கட்டத்தில்தான் என்னை அழைத்தார்கள்.

நான் போய் உட்கார்ந்ததும் ஆசிரியர் கேட்ட முதல் கேள்வி இது: "தம்பி, கருவியோட வந்த தாள்லயே சிவப்பு வயர 'ஆர்'ல போடச் சொல்லித்தானே இருக்கு. அவரும் சிவப்பத்தானே போட்டாரு. அப்புறம் ஏன் எரிஞ்சிச்சு?"

நியாயமான கேள்வி. இந்த ஆய்வு முழுவதும் அந்த ஒரு கேள்விக்கான பதில்தான் என்றும் சொல்லலாம்.

முதற் கருவி எரிந்த விதம்

வட அமெரிக்க வீடுகளில் தெர்மோஸ்டாட் சுற்று 24 வோல்ட் ஆடலோட்டத்தில் (ஏ.சி.) இயங்குகிறது. உலைக்கருகே உள்ள சிறிய டிரான்ஸ்போமரின் ஒரு முனையிலிருந்து வரும் கம்பி 'ஆர்' முனையில் சேர்கிறது. மறு முனையிலிருந்து வருவது 'சி', அதாவது பொதுக் கம்பி. சூடு வேண்டுமென்றால் கருவி தன்னுள்ளே 'ஆர்' முனையை 'டபிள்யூ' முனையோடு இணைக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. அங்கே வழக்கப்படி 'ஆர்' கம்பி சிவப்பு, 'டபிள்யூ' வெள்ளை, 'சி' பெரும்பாலும் நீலம். கருவியோடு வந்த தாள் அந்த நாட்டு வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது.

நம் நாட்டிலோ விநியோகம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பழைய பிரித்தானிய வழக்கில் வயரிங் செய்த வீடுகளில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமல் கம்பி (மின்னோட்டம் திரும்பி வரும் நியூட்ரல்), பச்சை புவிக்கம்பி. புதிய வழக்கில் கபிலம், நீலம், பச்சை-மஞ்சள். இந்த வீட்டின் சூடாக்கும் சுற்று பிரித்தானிய முறையில் போடப்பட்டது. சுவரில் இருந்த தெர்மோஸ்டாட்டுக்கே நேரடியாக 230 வோல்ட் வந்துகொண்டிருந்தது. முன்பு வந்தவர் சிவப்பை 'ஆர்' முனையிலும், "பொது" என்றால் நொதுமல்தானே என்று எண்ணிக் கறுப்பை 'சி' முனையிலும், மிச்சமிருந்த நீலத்தை 'டபிள்யூ' முனையிலும் இட்டிருந்தார். அவருடைய தர்க்கத்தில் தனித்தனியே பார்த்தால் பெரிய குறையொன்றும் இல்லை. 24 வோல்ட் எதிர்பார்த்த கருவியின் இரு முனைகளுக்கிடையே 230 வோல்ட் போய் நின்றது என்பதே நடந்தது. மீட்டரை ஒரு தடவை வைத்துப் பார்த்திருந்தால் அது தெரிந்திருக்கும்.

"ட்ரிப் சுவிட்ச் இருந்துமா?" என்று வீட்டார் பலமுறை கேட்டார்கள். ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது, உயிர்க்கம்பியில் போன மின்னோட்டம் அப்படியே நொதுமலில் திரும்பி வருகிறதா என்பதை மட்டுமே. மனித உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ ஒரு பகுதி நிலத்துக்குக் கசிந்தால், வித்தியாசம் 30 மில்லிஅம்பியரைத் தொடுவதற்குள் அது விழும். இங்கே கருவிக்குள் போனதெல்லாம் கறுப்புக் கம்பியிலேயே திரும்பியது. ஆகவே அதற்குக் குறையேதும் தெரியவில்லை. விழுந்தது அந்தச் சுற்றின் 6 அம்பியர் பிரேக்கர். இரண்டும் அதனதன் வேலையைச் சரியாகவே செய்தன.

சுவர்ப்பெட்டியில் பார்த்தவை

பெட்டிக்குள் சிவப்பு, கறுப்பு, நீலம், மஞ்சள் என நான்கு தனி வயர்கள். பழைய கருவியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது பெரிய உதவி. அதன் உட்பக்கத்தில் இருந்த முனைகளிலிருந்து, சிவப்பு உள்ளே வரும் உயிர்க்கம்பி, நீலம் வால்வுக்குப் போகும் கம்பி, கறுப்பு நொதுமல் என்பது தெளிவானது. ஆளி மட்டுமே உள்ள கருவிக்கு நொதுமல் எதற்கு என்ற கேள்வி இயல்பாக எழும். இரட்டை உலோகப் பட்டையால் இயங்கும் பழைய தெர்மோஸ்டாட்டுகளில் சின்னஞ்சிறிய தடையி ஒன்று இருக்கும். சூடு கேட்கும் நேரத்தில் அது பட்டையை இலேசாகச் சூடாக்கி, அறை அளவுக்கு மீறிக் கொதிப்பதற்கு முன்பே ஆளியைத் திறக்கச் செய்யும். அந்தத் தடையியின் திரும்புபாதைதான் கறுப்பு.

ஆகவே இந்தப் பெட்டியில் நீலம் என்பது, சூடு கேட்கும் நேரத்தில் 230 வோல்ட் ஏறும் கம்பி. புதிய வழக்கத்தில் பழகியவர் அதை நொதுமல் என்று எண்ணித் தொடுவார். கனடாத் தாளைப் படிப்பவர் பொது என்று எண்ணுவார். ஒரே நிறத்துக்கு மூன்று பொருள்கள், மூன்றில் இரண்டு ஆபத்தானவை.

மஞ்சள் வயர் வேறொரு குழப்பத்தைத் தந்தது. மீட்டரில் அதற்கும் கறுப்புக்கும் இடையே 74 வோல்ட் காட்டியது. முன்பு வந்தவரும் இதைப் பார்த்து, "அரைக் கரண்ட் வருது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். வால்வுப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது மஞ்சளின் மறுமுனை எதிலும் பூட்டப்படாமல், நாடா சுற்றிச் சும்மா கிடந்தது. ஒரே குழாய்க்குள் உயிருள்ள கம்பியோடு பல மீற்றர் தூரம் ஒட்டிக் கிடக்கும் வெறுங்கம்பியில் இப்படிப் பொய் வோல்ட்டளவு தோன்றும். உட்தடை மிக அதிகமான இலத்திரன் மீட்டர் அதையும் நம்பிக் காட்டிவிடும். பழைய இழை பல்பு மாட்டிய டெஸ்ட் லேம்ப் ஒன்றை நான் இன்னும் பையில் வைத்திருப்பது இதற்காகத்தான். அதைக் குறுக்கே வைத்ததும் பல்பு எரியவில்லை. மீட்டரின் 74 பூச்சியத்துக்கு இறங்கியது. நீலத்தில் இந்தப் பொய் தெரியாததற்குக் காரணம், அது வால்வு மோட்டாரின் சுருள் வழியாக நொதுமலோடு கட்டுண்டிருந்ததே.

வால்வின் பக்கத்தில் ஐந்து கம்பிகள் இருந்தன. கபிலமும் நீலமும் மோட்டாருக்கு; பச்சை-மஞ்சள் புவிக்கு; சாம்பலும் செம்மஞ்சளும் வால்வுக்குள்ளே உள்ள நுண்ணாளிக்கு. மோட்டார் சுழன்று வால்வு முழுதாகத் திறந்த பின்பே அந்த நுண்ணாளி சாம்பலைச் செம்மஞ்சளோடு இணைத்து, பாய்லரை எரியச் சொல்லும். நீர் போக வழியில்லாமல் பாய்லர் எரியக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. சாம்பல் நிறக் கம்பியில் எந்நேரமும் 230 வோல்ட் நிற்கும் என்பதையும், தெர்மோஸ்டாட்டை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் அந்தப் பெட்டிக்குள் விரல் விடுபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பிரதான ஆளியை இறக்கி, அதன் பிடியில் சிவப்பு நாடா கட்டி, டெஸ்ட் லேம்பால் மறுபடி பார்த்த பிறகே வேலையைத் தொடங்கினேன்.

எடுத்த முடிவும் செய்த பிழையும்

230 வோல்ட் சுற்றுக்கென்றே செய்யப்பட்ட ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டுகள் சந்தையில் உண்டு. அப்படியொன்றை வாங்கியிருந்தால் பழைய மூன்று வயர்களோடு அரை மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும், நானும் அதையே முதலில் சொன்னேன். ஆனால் மகள் தன் வீட்டிலும் இதே கருவியை வைத்திருந்தார்; இரண்டையும் ஒரே செயலியில் பார்க்க விரும்பினார். பெற்றோருடைய ஹாலில் எத்தனை பாகை குளிர் என்று டொரோன்டோவிலிருந்து பார்க்கத் துடிக்கும் ஒரு பிள்ளையிடம் அதற்கு மேல் வாதிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே 24 வோல்ட் சுற்றொன்றைப் புதிதாக அமைத்தோம். மகள் கருவியோடு சேர்த்து ஒரு டிரான்ஸ்போமரும் அனுப்பியிருந்தார். அதன் பக்கவாட்டில் உள்ளீடு 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று எழுதியிருந்தது. அதை இங்கே செருகியிருந்தால் வெளியீடு 24க்குப் பதிலாக 46 வோல்ட்டுக்கு ஏறி, கருவியும் போய், டிரான்ஸ்போமரும் கருகியிருக்கும். அதைப் பெட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டு, 230 வோல்ட் உள்ளீடும் 24 வோல்ட், 40 வோல்ட்அம்பியர் வெளியீடும் கொண்ட ஒன்றைக் கொழும்பு புறக்கோட்டையிலிருந்து வரவழைத்தேன்.

ரிலே விடயத்தில் பிழை என்னுடையது. கருவியால் 230 வோல்ட் மோட்டாரை நேரடியாக இயக்க முடியாது. 24 வோல்ட்டில் இழுபடும் ரிலே ஒன்று இடையில் நின்று, தன் தொடுகைகளால் 230 வோல்ட்டைத் திறந்து மூட வேண்டும். உள்ளூர்க் கடையில் 24 வோல்ட் என்று எழுதிய ரிலே கிடைத்தது, வாங்கிப் பூட்டினேன். கருவி சூடு கேட்டதும் ரிலே "கிர்ர்" என்று வண்டு மாதிரி இரைந்தது; வால்வு திறப்பதும் நிற்பதுமாகத் தடுமாறியது. கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால், எண்ணுக்குப் பக்கத்தில் நேரோட்டத்தைக் (டி.சி.) குறிக்கும் கோடு. ஆடலோட்டம் செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொட்டுப் போகும். ஒவ்வொரு தடவையும் நேரோட்ட ரிலே பிடி தளர்ந்து மறுபடி இழுபடும். ஆடலோட்ட ரிலேயின் உள்ளிரும்பில் செப்பு வளையம் ஒன்று இருக்கும். அது அந்தப் பூச்சிய நேரத்திலும் காந்தப் பிடியை விடாமல் வைத்திருக்கும். 24 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்கிய நானும், சிவப்பை மட்டும் பார்த்துப் பூட்டிய அந்தப் பாஸும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். சரியான ரிலே கொழும்பிலிருந்து வர நான்கு நாட்கள் ஆயின. அந்த நான்கு இரவுகளும் ஹாலில் விறகடுப்புத்தான் எரிந்தது.

24 வோல்ட் கம்பியையும் 230 வோல்ட் கம்பியையும் ஒரே குழாய்க்குள் விட நான் விரும்பவில்லை. மேலுறை உரிந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். பழைய நான்கு வயர்களின் நுனியில் புதிய நான்குநார்க் கேபிளைக் கட்டி, வால்வுப் பக்கத்திலிருந்து இழுத்தபோது ஏறக்குறைய 11 மீற்றர் பழைய வயர் வெளியே வந்தது, புதியது உள்ளே போனது. இதனால் கிடைத்த பெரிய நன்மை, ஹாலில் உள்ள சுவர்ப்பெட்டியில் இனி 230 வோல்ட்டே இல்லை என்பது. டிரான்ஸ்போமர், ரிலே, 2 அம்பியர் பியூஸ் மூன்றையும் மூடியுள்ள பெட்டியொன்றில் வால்வுக்கருகே பொருத்தினேன். டிரான்ஸ்போமரின் ஒரு முனை பியூஸ் வழியாக 'ஆர்' முனைக்கு. மறு முனை 'சி' முனைக்கும் ரிலேச் சுருளின் ஒரு பக்கத்துக்கும். சுருளின் மறுபக்கம் 'டபிள்யூ' முனைக்கு. ரிலேயின் தொடுகை வழியாக 230 வோல்ட் உயிர்க்கம்பி வால்வின் கபிலத்துக்குப் போகிறது. சாம்பலையும் செம்மஞ்சளையும் தொடவே இல்லை.

'சி' கம்பி இல்லாமலே இத்தகைய கருவிகள் வேலை செய்யும் என்று சிலர் சொல்வார்கள். அப்போது கருவி, ரிலேச் சுருள் வழியாகச் சிறிதளவு மின்னோட்டத்தைக் களவாக இழுத்துத் தன் உள் பட்டரியை நிரப்பிக்கொள்ளும். சுருள் சிறியதாக இருந்தால் அந்தக் களவோட்டமே அதை இழுத்துவிட்டு, கேளாத நேரத்தில் பாய்லர் எரியும். அல்லது பட்டரி மெல்ல மெல்ல இறங்கி, வைஃபை முதலில் அறுந்து, பிறகு திரையும் இருளும். நாற்பதடிக் கேபிளில் ஒரு நாரை மிச்சம் பிடிப்பதற்காக அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

கருவியை மாட்டும் முன் 'ஆர்', 'சி' முனைகளுக்கிடையே 26.4 வோல்ட் இருந்தது; ரிலே இழுத்த நிலையில் 25.1. இரண்டும் சரியான அளவுகள்.

சூடு வந்தது. கேட்பதை நிறுத்திய பின்னும் பம்ப் சில நிமிடங்கள் ஓடியது; "நிக்கவே இல்லையே" என்று ஆசிரியர் பதறினார். பாய்லருக்குள் தேங்கிய சூட்டை வெளியேற்ற அது வேண்டுமென்றே ஓடுவது. அதற்கு மாறாத விநியோகம் வேண்டும் என்பதால், பாய்லரின் பிரதானக் கம்பியை ஒருபோதும் தெர்மோஸ்டாட்டின் பின்னால் பூட்டக்கூடாது.

பொய் சொன்ன வெப்பநிலை

மூன்றாம் நாள் காலையில் அழைப்பு வந்தது. ஹால் வெந்து போகிறது, கருவியோ 16 பாகை என்கிறது, பாய்லர் நிற்கவில்லை. சிலிண்டர் குளிர்ந்து வாயு சரியாக வரவில்லை என்பது ஆசிரியரின் கணிப்பு. இங்கு விற்கப்படும் சமையல் வாயுவில் பியூட்டேன் மிகுதி. அது கொதிப்பதே பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே என்பதால், பனிக்கால விடியலில் சுடர் தாழ்வது ஊரறிந்த விடயம். ஆனால் ஹால் வெந்து போகும்போது வாயுவைக் குறை சொல்ல முடியாது. கருவிக்குப் பக்கத்தில் கண்ணாடி வெப்பமானியொன்றைத் தொங்கவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தேன்: 19.5 பாகை. கருவி காட்டியது 16.

மூன்றரைப் பாகை வித்தியாசம் உணரியின் குறையாக இருக்க முடியாது என்று தோன்றியது. முகப்பைக் கழற்றிவிட்டு, டீச்சரம்மாவிடம் ஓர் ஊதுபத்தி கேட்டேன். சாமிப் படத்துக்கு முன்னாலிருந்து கொண்டுவந்து பற்றவைத்துக் கொடுத்தார். பத்தியைப் பெட்டிக்கு நேரே பிடித்ததும், நேராக மேலே போய்க்கொண்டிருந்த புகை என் முகத்துக்கு நேராக வளைந்து வந்தது. குழாயின் மறுமுனை பின் சாய்ப்பில் திறந்து கிடந்தது. அங்கே வீசும் மலைக்காற்று 11 மீற்றர் குழாய் வழியே வந்து, கருவியின் முதுகில் ஊதிக்கொண்டிருந்தது. பழைய நான்கு தடித்த வயர்கள் அந்தக் குழாயை ஏறக்குறைய அடைத்திருந்தன. நான் இழுத்த ஒரே மெல்லிய கேபிள் அதற்கு வழிவிட்டது. ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கும் புட்டியைப் பிசைந்து குழாயின் இரு வாய்களையும் அடைத்தேன். ஒரு மணி நேரத்தின் பின் வெப்பமானிக்கும் கருவிக்கும் இடையே அரைப் பாகைக்கும் குறைவான வித்தியாசமே இருந்தது.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். பெட்டி உட்சுவரில், தரையிலிருந்து 1.5 மீற்றர் உயரத்தில், வெயில் படாத பக்கத்தில் இருந்தது நல்லதாயிற்று. ஆனால் விறகடுப்புக்கு நேரெதிரே இருப்பதால், அடுப்பு எரியும் இரவுகளில் ஹாலின் வெம்மையை வீடு முழுவதற்குமானதாக நினைத்துக் கருவி பாய்லரை நிறுத்திவிடுகிறது. படுக்கையறைகள் குளிர்ந்து போகின்றன. இதற்கு வயரிங்கில் பதில் இல்லை. அடுப்பு மூட்டும் இரவுகளில் குறித்த வெப்பநிலையை இரண்டு பாகை கூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

கருவியின் தானாகக் கற்கும் வசதி இந்தக் கல்வீட்டில் சரிவரவில்லை. இரவில் 12 பாகைக்கு இறங்கவிட்டு, காலை 6 மணிக்கு 19 வேண்டும் என்று மகள் டொரோன்டோவிலிருந்து அமைத்திருந்தார். அரை மீற்றர் தடிப்புச் சுவர் சூடேற எடுக்கும் நேரத்தைக் கருவி சில நாட்களில் சரியாகவே கற்றுக்கொண்டு, அதிகாலை 3.40க்கே பாய்லரைப் பற்றவைக்கத் தொடங்கியது. முழு வேகத்தில் இந்தப் பாய்லர் மணிக்கு ஏறக்குறைய 2 கிலோ வாயு குடிக்கும். 6 மணிக்குள், சமையலுக்கு வாங்கும் 12.5 கிலோ வீட்டுச் சிலிண்டர் ஒன்றின் அளவில் மூன்றிலொன்றுக்கு மேல் போய்விடும். முன்கூட்டித் தொடங்கும் வசதியை அணைத்து, இரவு அளவை 15 ஆக்கினோம். கடிகாரத்தைக் கிரீன்விச் நேரத்திலிருந்து 5.30 மணி நேர வித்தியாசத்துக்கும், அளவைப் பாரன்ஹீற்றிலிருந்து செல்சியசுக்கும் கருவியைப் பொருத்திய நாளிலேயே மாற்றியிருந்தோம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த டீச்சரம்மா ஒன்றைக் கேட்டார்: "போன் கையில இல்லாட்டி சூடு வராதா தம்பி?" கருவியின் முகப்பிலேயே கூட்டவும் குறைக்கவும் முடியும் என்று காட்டினேன். ஆனாலும் அவர் கேட்டதில் விடயம் இருந்தது: அந்தக் கருவியே ஒருநாள் நின்றுவிட்டால்? ரிலேப் பெட்டியின் பக்கத்தில், ரிலேயின் தொடுகைக்கு இணையாகச் சாதாரண ஆளியொன்றைப் பொருத்தி, மேலே "தானாக" என்றும் கீழே "கையால்" என்றும் எழுதி ஒட்டினேன். கீழே தட்டினால் கருவி என்ன சொன்னாலும் வால்வு திறக்கும். கரண்ட் போனால் மட்டும் அதனாலும் பயனில்லை. பம்பும் பாய்லரும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை நினைவில் வைத்து, விறகுக் கொட்டகையைக் காலி செய்ய வேண்டாம் என்று ஆசிரியர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்.

சாப்பாட்டறைப் பகுதியின் பழைய தெர்மோஸ்டாட் இன்னும் 230 வோல்ட்டில், பழைய நிறங்களோடே ஓடுகிறது. அது நன்றாக வேலை செய்வதால் மாற்றவில்லை. அதன் பெட்டியைத் திறந்து, அங்கேயும் இருந்த நீல வயரின் நுனியில் கபில உறையொன்றை மாட்டி, சுற்றின் படத்தைத் தாளில் வரைந்து மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தேன்.